எலுமிச்சை இலையில் வெள்ளிக் கோடு: மருந்து ஊற்றவா, குளவியிடம் விட்டுவிடவா?

கறிவேப்பிலைக்காரி (சாண்டியாகோ):

எல்லாருக்கும் வணக்கம். கலிபோர்னியாவில் சாண்டியாகோ பக்கம், கடலிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிறோம். கொல்லையில் ஒரு மேயர் எலுமிச்சை இருக்கிறது, வைத்து ஆறு வருடம் ஆகிறது, வருடம் முழுக்க ஏதாவது பூவும் பிஞ்சுமாகவே இருக்கும். பக்கத்தில் போன வருடம் வைத்த ஒரு ஆரஞ்சுக் கன்று. தொட்டியில் கறிவேப்பிலை, அது இல்லாமல் எப்படி.

ஜூலை வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆகஸ்டில் வந்த துளிரைப் பார்த்தால், நத்தை ஊர்ந்து போன மாதிரி ஒவ்வொரு இலையிலும் வெள்ளி வெள்ளியாக வளைந்து வளைந்து கோடு, கோட்டுக்கு நடுவில் மெல்லிய கறுப்பு நூல் மாதிரி ஒன்று, இலை ஓரமெல்லாம் சுருண்டு மடங்கி, கன்று பார்க்கவே பரிதாபமாக இருக்கிறது. பழைய இலைகளில் ஒன்றுமே இல்லை.

நர்சரியில் ஒரு இலையைக் காட்டினேன். அவர் பூச்சியின் பெயரைக்கூடச் சொல்லாமல் ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார், வேரில் ஊற்றிவிடுங்கள், ஒரு வருடத்துக்குக் கவலை இல்லை என்றார். மதுரையிலிருந்து வந்திருக்கும் என் மாமனார், அதெல்லாம் வேண்டாம்மா, வேப்பெண்ணெய் அடி என்கிறார். பக்கத்து வீட்டு அம்மா ஒன்றுமே செய்யாதே, இந்த ஊர்க் குளவிகளே பார்த்துக்கொள்ளும் என்கிறார். குளவி என்றால் எனக்கு ஜன்னலில் மண்கூடு கட்டுகிற, கொட்டினால் கை வீங்குகிற ஜாதிதான் ஞாபகம் வருகிறது. அது எப்படி இலைக்குள் இருக்கும் புழுவைப் பிடிக்கும்? நிஜமாகவே நடக்குமா, இல்லை இதுவும் இயற்கை பார்த்துக்கொள்ளும் என்கிற ஆறுதல் பேச்சா? மூன்று பேரில் யார் பேச்சைக் கேட்பது?

---

ஓக் மரத்தடி (ரிவர்சைட்):

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் இது இலைத் துளைப்பான்தான், சந்தேகமே இல்லை. அந்தக் கறுப்பு நூல் புழுவின் கழிவு. போகிற வழியெல்லாம் பின்னால் விட்டுக்கொண்டே போகும். தாய்ப்பூச்சி கொசு அளவுக்கு இருக்கும் ஒரு வெள்ளி நிற அந்து, இறக்கை நுனியில் ஒரு கறுப்புப் புள்ளி உண்டு, இருட்டிய பிறகுதான் நடமாடும் என்பதால் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இளந்துளிரில் ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். புழு பொரிந்ததும் இலையின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து தின்றுகொண்டே போகும், கடைசியில் இலை ஓரத்தை நூலால் மடித்து அதற்குள் கூட்டுப்புழுவாகிவிடும். வெயில் நாளில் இரண்டு மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடியும், குளிரில் ஒன்றரை மாதத்துக்கு மேலும் இழுக்கும். முற்றிய இலை அதற்கு ஆகாது, உங்கள் பழைய இலைகள் தப்பித்தது அதனால்தான்.

இது இந்த மண்ணின் பூச்சி இல்லை. ஆசியாவைச் சேர்ந்தது. 1856-ல் ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது அவர் கையில் இருந்தது கல்கத்தாவில் பிடித்த பூச்சிதான், ஒருவகையில் நம்மூர்ச் சரக்கு. கலிபோர்னியாவுக்குள் 2000-ல் மெக்சிகோ எல்லையோரம் இம்பீரியல் கவுண்டியில் வந்து இறங்கியது.

இப்போது உங்கள் பக்கத்து வீட்டு அம்மா சொன்ன விஷயம். அவர் சொன்னது சரி, ஆனால் எந்தக் குளவி என்று சொல்லாமல் விட்டுவிட்டார். இவை ஒட்டுண்ணிக் குளவிகள், யூலோஃபிடே என்ற குடும்பம். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருந்தாலே பெரிது. ஒரு எள்ளை எடுத்து அதற்கு இறக்கை வைத்தால் எப்படி இருக்கும், அவ்வளவுதான். மனிதரைக் கொட்டாது, மண்கூடு கட்டாது, கையில் வந்து உட்கார்ந்தாலும் தூசி என்று தட்டிவிடுவீர்கள். இலைத் துளைப்பான் வருவதற்கு முன்பே இவை இங்கே இருந்தன. ஓக், வில்லோ மாதிரி மரங்களின் இலைகளுக்குள்ளும் இதே மாதிரி சுரங்கம் போடுகிற உள்ளூர்ப் புழுக்கள் நிறைய உண்டு, காலங்காலமாக அவற்றைத் தேடித் தின்று பிழைத்த குளவிகள் இவை. எலுமிச்சை இலையில் புதிதாக ஒரு சுரங்கம் தெரிந்ததும், உள்ளே இருப்பவன் எந்த நாட்டான் என்று கேட்கவில்லை, சுரங்கம் என்றால் உள்ளே சாப்பாடு என்று புகுந்துவிட்டன. முக்கியமாகச் சிர்ரோஸ்பிலஸ், நிகாலியோ என்ற இரண்டு குளவிப் பேரினங்கள். சிர்ரோஸ்பிலஸில் ஒன்றுக்கு இங்குள்ள கோச்செல்லா பள்ளத்தாக்கின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

வேலை எப்படி நடக்கிறது என்றால், பெண் குளவி இலைமேல் நடந்து நடந்து தடவிப் பார்க்கும், புழு இருக்கும் இடம் தெரிந்ததும் இலைத்தோலின் வழியாகவே ஊசியை இறக்கிப் புழுவை முடக்கிவிடும், பக்கத்தில் ஒரு முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். அதிலிருந்து வரும் குட்டி, அசையாமல் கிடக்கும் புழுவை வெளியிலிருந்தே உறிஞ்சித் தின்று அந்தச் சுரங்கத்துக்குள்ளேயே கூட்டுப்புழுவாகும். சில சமயம் முட்டையே வைக்காமல், தனக்குப் பசிக்கிறது என்பதற்காகவே குத்தித் தின்றுவிட்டும் போகும். அப்படிச் சாகிற புழுக்கள் கணக்கிலேயே வருவதில்லை.

ஆறு வயது மேயருக்கு நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். நான்கு வயது தாண்டிய மரம் இந்தச் சேதத்தைத் தாங்கிக்கொள்ளும், காய்ப்பும் குறையாது. அந்தப் பாட்டிலை ஊற்றிவிட்டீர்களா? அதில் இமிடாகுளோப்ரிட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

---

கறிவேப்பிலைக்காரி:

அதேதான் போட்டிருக்கிறது. வாங்கிவிட்டேன், இன்னும் திறக்கவில்லை.

---

ஓக் மரத்தடி:

திறக்காமலே வையுங்கள். அது வேர் வழியாக ஏறி மரம் முழுக்கப் பரவும் மருந்து, பூவின் தேனுக்கும் மகரந்தத்துக்கும் போகும். பூக்கும் முன்பும் பூக்கும் போதும் ஊற்றக்கூடாது என்பதுதான் அறிவுரை. உங்கள் மேயரோ வருடம் முழுக்கப் பூக்கிறது என்கிறீர்கள், அப்புறம் எந்த மாதத்தில் ஊற்றுவது? தேனீ வரும், தேன் குடிக்க இந்தக் குளவிகளும் வரும். அதோடு, ஒரு வருடம் என்று சொல்லி விற்றாலும் இலைத் துளைப்பானை அது தடுப்பது சில மாதத்துக்குத்தான்.

---

புளியங்குடிக்காரன் (தென்காசி மாவட்டம்):

அக்கா, எங்கள் ஊர்ப் பக்கம் எலுமிச்சைதான் பிழைப்பு, அதனால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். இந்தப் பூச்சி எங்களுக்கு விருந்தாளி இல்லை, வீட்டோடு இருப்பது. பெரிய மரத்தில் யாரும் கண்டுகொள்வதே இல்லை. நாற்றங்காலிலும் கன்று வைத்த முதல் இரண்டு மூன்று வருடமும்தான் தலைவலி, ஏனென்றால் கன்றுக்குத் துளிரே பாதி இலை, அது போனால் வளர்ச்சி நின்றுவிடும். எங்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. புழு கிழித்த தோல் வழியாகச் சொறி நோய்க் கிருமி உள்ளே போய்விடும், அப்புறம் இலை, கிளை, காய் எல்லாம் சொறிதான், சொறி வந்த காயை வியாபாரி தொடமாட்டார்.

உங்கள் மாமனார் சொன்னது தப்பில்லை. நாங்கள் வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதம் அடிப்போம், துளிர் விட ஆரம்பித்ததும் அடிக்க வேண்டும். புழு உள்ளே போய் ரோடு போட்ட பிறகு மேலே எதை அடித்தாலும் மழைக்கோட்டின் மேல் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

எங்கள் அப்பா காலத்தில் துளிருக்குத் துளிர் கடும் மருந்து அடித்தார்கள். அடிக்க அடிக்க அதிகமாகத்தான் ஆனது என்று அவரே சொல்வார். காரணம் அப்போது தெரியாது. பப்பாளி மாவுப்பூச்சி வந்தபோதுதான் எனக்கு இந்த ஒட்டுண்ணி விஷயம் உறைத்தது. 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் தெரிந்து, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எதையும் விடவில்லை, எந்த மருந்துக்கும் மசியவில்லை. 2010-ல் புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், கொஞ்ச நாளில் மாவுப்பூச்சி எங்கே போனது என்று தேட வேண்டியதாகிவிட்டது. ஆனால் அது வெளியிலிருந்து கொண்டுவந்த குளவி. உங்கள் ஊரில் உள்ளூர்க் குளவியே தானாக வந்து பிடிக்கிறது என்றால் செலவே இல்லாத வேலை, கொடுத்து வைத்தவர்கள்.

---

டாம்பா தாத்தா (ஃப்ளோரிடா):

கொஞ்சம் குறுக்கே பேசுகிறேன், கோபிக்க வேண்டாம். உள்ளூர்க் குளவி பார்த்துக்கொள்ளும் என்று எல்லா இடத்துக்கும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. நான் இங்கே முப்பது வருடத்துக்கு மேல் இருக்கிறேன், இந்தப் பூச்சி வந்ததைக் கண்ணால் பார்த்தவன். 1993 மே மாதம் மயாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் பக்கம் கண்டுபிடித்தார்கள், ஒரு வருடத்துக்குள் மாநிலம் முழுக்க நிறைந்துவிட்டது. இங்கேயும் உள்ளூர்க் குளவிகள் தாவிப் பிடிக்கத்தான் செய்தன, நிகாலியோவில் ஒரு வகையும் அதில் உண்டு. ஆனாலும் அது போதும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் மார்ஜரி ஹாய் என்ற பூச்சியியல் பேராசிரியர் 1994-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஏஜினியாஸ்பிஸ் என்ற குளவியை வரவழைத்து விட்டார். அது இந்த ஒரு பூச்சிக்கென்றே பிறந்தது. முட்டைக்குள்ளேயும் அப்போதுதான் பொரிந்த புழுவுக்குள்ளேயும் தன் முட்டையை வைக்கும், அந்த ஒரே முட்டை உள்ளுக்குள் பலதாகப் பிரிந்து ஒரு புழுவிலிருந்து நாலைந்து குளவிகள்கூட வெளியே வரும். உள்ளூர்க் குளவி இரண்டு பிடிக்கிற நேரத்தில் இது ஒரு படையையே பெற்றுப் போட்டுவிடும்.

1995-ல் மயாமியில் சொறி நோய் மறுபடி தலைகாட்டியது. புளியங்குடித் தம்பி சொன்ன மாதிரி, புழு கிழித்த இலை அதற்குத் திறந்த கதவு. இரண்டும் சேர்ந்து நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. நோய் பரவாமல் இருக்கப் பக்கத்து மரங்களையும் சேர்த்து வெட்டினார்கள், நன்றாக இருந்த என் வீட்டு மரங்கள் இரண்டும் அதில் போயின. அதனால் சும்மா இருங்கள் என்று சொல்லும்போது எந்த ஊரில் சும்மா இருப்பது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

---

ஓக் மரத்தடி:

ஐயா சொல்வது முழுக்க நியாயம், நான் பேசியது கலிபோர்னியா வீட்டுத் தோட்டத்தை மனதில் வைத்துத்தான். இங்கே சொறி நோய் நிலைகொள்ளவில்லை, அதனால் இலைத் துளைப்பானின் சேதம் இலையோடு நின்றுவிடுகிறது. ஃப்ளோரிடாவிலோ புளியங்குடியிலோ அதே கோடு வேறு அர்த்தம். அப்புறம் ஏஜினியாஸ்பிஸுக்குக் காற்றில் நல்ல ஈரம் வேண்டும், உங்கள் ஊர்ப் புழுக்கம் அதற்குச் சொர்க்கம், எங்கள் உள்நாட்டு வறட்டு வெயிலில் தடுமாறிவிடும்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் உடன்பட மாட்டேன். உள்ளூர்க் குளவி குறைவாகப் பிடிப்பது சோம்பலால் இல்லை, அதற்குப் பல வீடு. ஒரே பூச்சியை நம்பிப் பிழைக்கிற குளவிக்கு அந்தப் பூச்சி குறைந்தால் பட்டினிதான், பல பூச்சியைத் தின்கிற குளவி குளிர்காலத்தில் எலுமிச்சையில் துளிர் இல்லாதபோது வேறு செடியில் போய்ப் பிழைத்துக்கொண்டு கோடையில் திரும்பி வரும். முதல் ஆளாக வந்து நிற்பது எப்போதுமே அதுதான், அனுமதிக் கடிதமோ ஆய்வுக்கூடமோ வேண்டாம். ஸ்பெயினில் நடந்ததையும் பாருங்கள். அங்கேயும் 1993-ல்தான் இந்தப் பூச்சி வந்தது, முதலில் உள்ளூர் நிகாலியோவும் சிர்ரோஸ்பிலஸும் பிடித்தன, பிறகு ஆசியாவிலிருந்து சிட்ரோஸ்டிகஸ் என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள், நம் இந்தியாவிலும் இருக்கிற குளவி அது. வலென்சியா தோப்புகளில் அது வேரூன்றியதும் இந்தப் புழுவைப் பிடிப்பதில் உள்ளூர்க் குளவிகள் ஒதுங்கிப்போய்விட்டன. புழு கட்டுப்பட்டது நல்லதுதான், ஆனால் ஒன்றைக் கொண்டுவந்தால் இன்னொன்று நகரும், அது எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.

கறிவேப்பிலைக்காரி அக்கா, உங்கள் ஆரஞ்சுக் கன்று சின்னது என்பதால் அதற்கு மட்டும் சில வேலைகள். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் உரம் போடாதீர்கள், தழைச்சத்து போட்டால் துளிர் வெடித்து வரும், துளிர் என்பது இந்தப் பூச்சிக்குக் கல்யாணப் பந்தி. சேதமான இலையைக் கிள்ளவும் வேண்டாம். பார்க்கத்தான் அசிங்கம், பச்சையாக இருக்கும் பகுதி மரத்துக்குச் சோறு போட்டுக்கொண்டுதான் இருக்கிறது, குளவிக் குட்டிகளும் அந்த இலைக்குள்தான் இருக்கின்றன, கிள்ளிக் குப்பையில் போட்டால் அவற்றையும் சேர்த்துப் போடுகிறீர்கள். ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழிருந்து விறுவிறு என்று கிளம்பும் தண்டுகளை மட்டும் வெட்டிவிடுங்கள். வேப்பெண்ணெய் அடித்தே ஆக வேண்டும் என்று மாமனார் அடம்பிடித்தால், கன்றின் புதுத் துளிருக்கு மட்டும், சாயங்காலம் தேனீ போன பிறகு அடியுங்கள். அவருக்கும் ஒரு திருப்தி.

---

மொட்டைமாடி மாலா:

குறுக்கே ஒரு சந்தேகம். இந்தக் குளவியை ஆன்லைனில் வாங்க முடியுமா? டிரைக்கோகிரம்மா என்ற குட்டிக் குளவியை அட்டையில் ஒட்டி விற்பதைப் பார்த்திருக்கிறேன்.

---

ஓக் மரத்தடி:

டிரைக்கோகிரம்மா பூச்சிகளின் முட்டைக்குள் வளரும் ஒட்டுண்ணி, கரும்புத் தண்டுத் துளைப்பான் மாதிரி ஆட்களுக்கு நல்லது, இதற்குக் காசை வீணாக்க வேண்டாம். சிர்ரோஸ்பிலஸ், நிகாலியோ இரண்டையும் கடையில் விற்று நான் பார்த்ததில்லை. வாங்க வேண்டிய அவசியமும் இல்லை, ஏற்கெனவே தெருமுனை ஓக் மரத்தில் இருக்கிறது. வரவழைக்க வேண்டுமென்றால் வளர்ந்த குளவிக்குத் தேன் வேண்டும், வாய் சின்னது, அதனால் பூவும் சின்னதாக இருக்க வேண்டும். கொத்தமல்லியில் நாலு செடியைப் பறிக்காமல் பூக்க விடுங்கள். வீட்டில் திட்டு விழும், பரவாயில்லை.

இன்னொன்று, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அக்கா, உங்களிடம் கறிவேப்பிலை இருக்கிறது என்றீர்கள். அதன் கொழுந்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை மெழுகு நூல் மாதிரி சுருள் சுருளாக ஏதாவது தொங்கினாலோ, தலையை இலையோடு வைத்து முதுகைத் தூக்கிச் சாய்வாக உட்கார்ந்த பழுப்புப் பூச்சி இருந்தாலோ, அது இலைத் துளைப்பான் இல்லை, ஆசிய சைலிட். அது வேறு வழக்கு. 2008-ல் கலிபோர்னியாவில் முதலில் தெரிந்ததே உங்கள் சாண்டியாகோவில்தான், மரத்தையே கொல்லும் கிரீனிங் நோயைப் பரப்பும். கறிவேப்பிலை அதற்கு எலுமிச்சைக்குச் சமமான பிடித்தம். அதனால்தான் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து கறிவேப்பிலையை வெளியே எடுத்துப் போகக்கூடாது என்று சட்டமே இருக்கிறது, நம் ஆட்கள் பலர் தெரியாமலே ஒரு கொத்தைப் பையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். சைலிட்டுக்கு உள்ளூர்க் குளவி போதவில்லை என்பதால் பாகிஸ்தான் பஞ்சாபுக்கே போய் டமாரிக்ஸியா என்ற குளவியைக் கொண்டுவந்து 2011 டிசம்பரில் எங்கள் ரிவர்சைடில்தான் முதலில் விட்டார்கள். சைலிட்டைப் பார்த்தால் சும்மா இருக்காதீர்கள், கவுண்டி வேளாண்மை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

---

டாம்பா தாத்தா:

இதை இரண்டு முறை படியுங்கள் அம்மா. எங்கள் மாநிலத்துத் தோப்புகளை முடித்தது இலைத் துளைப்பான் இல்லை, அந்தச் சைலிட் கொண்டுவந்த நோய்தான்.

---

கறிவேப்பிலைக்காரி:

கறிவேப்பிலையை இலை இலையாகத் திருப்பிப் பார்த்தேன், அசுவினிதான் கொஞ்சம் இருந்தது, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து விரட்டிவிட்டேன். சைலிட் இல்லை, அப்பாடா. போன மாதம் தோழி வீட்டுக்கு ஒரு கொத்துக் கொடுத்து அனுப்பியதை நினைத்தால் இப்போது வயிற்றைப் பிசைகிறது, அவள் இருப்பதும் இதே தெரு என்பதால் தப்பித்தேன் என்று நினைக்கிறேன். ஒரு கேள்வி: எலுமிச்சை இலையில் குளவி வேலை செய்கிறதா என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

---

ஓக் மரத்தடி:

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். கோடு போட்ட இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். கோட்டின் அகலமான முனையில் மஞ்சளும் பச்சையுமாகக் கண்ணாடி மாதிரிப் புழு நெளிந்தால் அது உயிரோடு இருக்கிறது. பழுப்பாகி வதங்கிக் கிடந்தால் குத்துப்பட்டது. பக்கத்தில் காலே இல்லாத குட்டியான வெளிர் புழு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான் குளவிக் குட்டி. கூடு எதுவும் இல்லாமல் மொட்டையாகக் கறுப்பாக ஒரு கூட்டுப்புழு கோட்டுக்குள்ளேயே கிடந்தால் அதுவும் குளவி. நிகாலியோவாக இருந்தால் ஒரு வேடிக்கை உண்டு, கூட்டுப்புழுவைச் சுற்றிக் குட்டிக் குட்டியாகக் கறுப்புத் தூண்கள் நிற்கும், தன் கழிவையே தூணாக நட்டு இலைத்தோல் மேலே அமுங்காமல் முட்டுக் கொடுத்திருக்கும். வெளியேறிய பிறகும் கண்டுபிடிக்கலாம்: இலையில் வட்டமாக ஊசி முனை அளவு ஓட்டை இருந்தால் குளவி போன வழி, மடிந்த ஓரத்திலிருந்து பழுப்புச் சக்கை ஒன்று பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்து ஜெயித்துவிட்டது.

---

கறிவேப்பிலைக்காரி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். பையனின் பள்ளிக்கூட லென்ஸை எடுத்துக்கொண்டு நானும் மாமனாரும் ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தோம். கிள்ளாமல் மரத்திலேயே வைத்து 30 இலை பார்த்தோம். 11 இலையில் புழு செத்து வதங்கிக் கிடந்தது, 6 இலையில் அந்த ஊசி ஓட்டை, 4 இலையில் உயிரோடு நெளிந்தது, மிச்சம் எங்களுக்குப் புரியவில்லை. ஒரே ஒரு இலையில் தூண் பார்த்தேன்! கறுப்பாக, குட்டியாக, கோயில் மண்டபம் மாதிரி வரிசையாக நிற்கிறது, நடுவில் கூட்டுப்புழு. மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மறுபடி பார்த்தார். வேப்பெண்ணெய் பேச்சையே எடுக்கவில்லை, கன்றுக்கு மட்டும் ஒரு தடவை அடித்தார், அதுவும் சாயங்காலம்.

பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், திறக்காததால் எடுத்துக்கொண்டார்கள். மேயர் இலைகள் இன்னும் அசிங்கமாகத்தான் இருக்கின்றன, காய் எப்போதும் போல. கொத்தமல்லி பூத்துவிட்டது, ரசத்துக்குக் கடையில் வாங்குகிறேன்.

புளியங்குடித் தம்பி, உங்கள் தோப்பில் இந்தத் தூண் பார்த்திருக்கிறீர்களா?

---

புளியங்குடிக்காரன்:

பார்த்ததில்லை அக்கா, பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. லென்ஸ் ஒன்று சொல்லியிருக்கிறேன், அடுத்த துளிர் வரட்டும், நாற்றங்காலில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.